புதுவயலுக்கு வந்த கட்டக்கோரை

தொண்டியிலிருந்து லாரி வந்து நின்றதும்
முதலில் இறங்கியது நாற்றம்.
நெல் அவியும் ஆவியில் பிறந்து வளர்ந்த தெரு
ஜன்னல்களைச் சாத்திக்கொண்டது.
"மீனுன்னா ஐஸ் போட்டிருப்பேன்,
குப்பைக்கு யாரு போடுவா?"
வாடகையை எண்ணி மடித்தார்
ஓட்டுநர் சீனி இபுறாகிம்.

குப்பையில்லை. கட்டக்கோரை.
வாடைக்காற்று கரையில் ஒதுக்கிய பாசி.
கடலைத்தான் ஏற்றி வந்திருந்தோம், பெரும்பாலும்;
பதிவேட்டில் "வரவு 4 டன்" என்று எழுதினேன்.

நெல் காயும் களத்தில் ஒரு மூலை கொடுத்தார்கள்,
நடுவே கோணியால் ஒரு எல்லை.
நான்கு வெயிலில் நாலு டன் அறுநூறு கிலோ ஆயிற்று.
காக்கைகள் வந்து புரட்டிப் பார்த்துவிட்டுப் போயின.
ஆடு ஒன்று ஒரு வாய் தின்றது,
அன்று முழுக்கத் தொட்டியை விட்டு நகரவில்லை.

உலை, உமி தின்று பழகியது.
காற்றுக் குழாயின் திருகை நான் மூட மூட
வெள்ளைக்கண்ணு சிரித்தான்:
"கழுத்தப் புடிச்சுக்கிட்டுப் பாடச் சொல்றீங்க."
ஆமாம், அதேதான்.
முழு மூச்சு விட்டால் எரிந்து சாம்பலாகிவிடும்.
பாதி மூச்சில்தான்
எரியவும் முடியாமல் அணையவும் முடியாமல்
உள்ளிருப்பதை வாயுவாகக் கக்கும்.

கக்கியது. நாற்பது நிமிடம்.
பிறகு இருமி, நின்றுவிட்டது.

காலையில் திறந்தால் உலைக்குள் கண்ணாடி.
உப்பு உருகிச் சாம்பலைக் கட்டிக்கொண்டு
கரும்பச்சையாய், ஒரு பானை அளவுக்கு.
கடப்பாரையால் உடைத்தோம்.
ஒரு சில்லை எடுத்துத் துடைத்து
பில் புத்தகத்தின் மேல் பாரமாக வைத்துக்கொண்டார்
முதலாளி உடையப்பன். ஒன்றும் சொல்லவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும்.
தண்ணீருக்கு டேங்கர்.
டேங்கருக்கு டீசல்.
இந்த மூன்று வரியை எழுதிவிட்டு
இரவெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை, மாதம் தப்பிய மழை.
தார்ப்பாயோடு ஆலையே களத்துக்கு ஓடியது,
நெல்லை மூட.
பாசியை யாரும் மூடவில்லை.
நானும்தான்; என் கையிலும்
நெல் தார்ப்பாயின் ஒரு முனை இருந்தது.

விடிய விடியக் கொட்டியது.
தேநீர் நிறத்தில் ஓடை தெற்கே போனது.
குனிந்து விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
உப்பு. உப்பு. பிறகு, கொஞ்சம் குறைவான உப்பு.

மறுபடி காய்ந்தது. மறுபடி பாதி மூச்சு.
புகைபோக்கிப் பக்கத்துச் சோதனைக் குழாயில்
தீக்குச்சி காட்டினான் வெள்ளைக்கண்ணு.
மஞ்சள்.
"இன்னும் மிச்சமிருக்கு," என்றான், சோடியத்தின் பெயர் சொல்லாமல்.
காத்திருந்தோம்.
மஞ்சள் ஓரமாய் ஒதுங்கி
நடுவில் ஒரு நீலம் எழுந்தது,
அடுப்பில் எல்லோரும் தினமும் பார்க்கிற நீலம்,
அதற்கா இத்தனை பேர் கை தட்டினோம் என்று
இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

எஞ்சின் மூன்று மணி நேரம் ஓடியது.
தார் அடைத்து நிற்கும்வரை அரிசி தீட்டினோம்.

கணக்கு:
லாரி போக வரக் குடித்த டீசல் இருபத்தாறு லிட்டர்.
எஞ்சினில் மிச்சமானது இருபத்தெட்டு.
மழைக்கு பில் இல்லை.

"ரெண்டு லிட்டரா?" என்றார் உடையப்பன்.
கண்ணாடிச் சில்லை ஒருமுறை உருட்டிவிட்டு,
"அடுத்த லோடு எப்ப?"

பதில் சொல்லும் முன்
அந்த ஓடை போன வழியே நடந்து பார்த்தேன்.
தெற்கு வேலியோரம்
இரண்டு முழம் அகலத்துக்கு
அருகம்புல் கருகிக் கிடந்தது.
அதைக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது
என்று தெரியாமல்
பேனாவை மூடாமலே நிற்கிறேன்.